தங்கபாய் அக்காவின் கோழியிறகு

அன்றைக்கு அந்தப் பூவரசு மரத்தடியில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன். தங்கபாய் நர்ஸ். ஆஸ்பத்திரி டாக்டர். என்னைப் பெற்ற அம்மை. என்னோடு வேலை செய்த ரோசிலி. என்னைக் கட்டிக்கொள்வதாக இருந்தவர். அவர் பேரை நான் வாயால் சொன்னதும் இல்லை, இங்கே எழுதப் போவதும் இல்லை. அவரை வளர்த்த லெட்சுமிப் பெரியம்மை. பிறகு நான். ஆஸ்பத்திரிச் சமையல்காரியின் சிவப்புக் கோழி ஒன்று. கோழி இல்லையென்றால் அன்றைக்கு ஒன்றுமே நடந்திருக்காது, ஆகையால் அதுவும் இருக்கட்டும்.

இத்தனை பேரில் தங்கபாய் அக்காவும் நானும்தான் மிச்சம் இருந்தோம். போன செவ்வாய்க்கிழமை காலையில் நான் பலாச்சக்கை வெட்டிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் பிசின். போன் அடித்தது. பேத்தியைக் காதருகே பிடிக்கச் சொன்னேன். அக்காவின் மகள் பேசினாள். "அம்மா போயிட்டா, சித்தி. காப்பி குடிச்சிட்டு, 'சீனி கூடிப்போச்சு'ன்னு சொல்லிட்டுச் சாஞ்சா. அவ்வளவுதான்" என்றாள். எனக்கு அழுகை வருவதற்கு முன்னால் சிரிப்பு வந்துவிட்டது. கடைசி வார்த்தையிலும் குறை கண்டுபிடித்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

அடக்கத்தில் பேசின எல்லாரும் அவரைச் சாந்த சொரூபி, பொறுமைசாலி என்றார்கள். அவரை அறிந்தவர்களே, நீங்களே சொல்லுங்கள். பொறுமையா? வெள்ளை உடுப்பை முட்டிக்கு மேல் சொருகிக்கொண்டு, டாக்டர் பார்த்துக்கொண்டு நிற்க, ஆஸ்பத்திரி வளவு முழுக்கக் கோழியை விரட்டிப் பிடித்த பெண் அவர். அதைத்தான் நான் எழுத வேண்டும்.

நாடு விடுதலையாகி மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் பக்கமெல்லாம் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியோடு சேர்ந்து கிடந்தது. புதுக்கடைக்குப் பக்கத்தில் ஒரு அண்டி ஆபீஸ். முந்திரிக்கொட்டையை வறுத்து உடைத்துப் பருப்பு எடுக்கிற இடத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் பேர். எனக்குப் பதினெட்டு வயசு. மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்து, அப்பா போன பிறகு அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தேன்.

சின்ன வயசிலிருந்தே எனக்குக் கரப்பான் என்ற தோல்நோய் உண்டு. முழங்கை மடிப்பு, முட்டிக்குப் பின்பக்கம், கழுத்து. மழைக்காலத்தில் அடங்கும், வெயில் ஏறினால் கிளம்பும். அதனால் எனக்குக் கத்திரிக்காய் கிடையாது, கருவாடு கிடையாது, முட்டை கிடையாது. அண்டி ஆபீசில் சேர்ந்ததும் அது கைக்கு இறங்கியது. வறுத்த கொட்டையைக் கட்டையால் தட்டி உடைக்கும்போது தோட்டிலிருந்து ஒரு கறுப்பு எண்ணெய் தெறிக்கும். பட்ட இடம் பொள்ளிக் கொப்புளம் போடும். அதற்காக எல்லாரும் கையில் சாம்பல் பூசிக்கொண்டு உட்காருவோம். நாற்பது பெண்கள், எண்பது கறுத்த கை. எது எண்ணெய்க் கறை, எது நோய் என்று யார் கண்டார்கள்?

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாதத்தில் வெடிப்பு வந்தால் அதே அண்டியெண்ணெயைக் குச்சி முனையில் தொட்டு வெடிப்புக்குள் வைப்பார்கள். தோல் வெந்து தடித்து வெடிப்பு மூடிக்கொள்ளும். அம்மை அதை யோசித்தாள். காலை மூடுகிற எண்ணெய் கையை மூடாதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை என் முன்கை இரண்டிலும் கரப்பான் இருந்த இடமெல்லாம் அதைப் பூசிவிட்டாள். நான் போட்ட கூப்பாட்டில், பக்கத்துப் பனையில் ஏறியிருந்தவர் இறங்கி ஓடிவந்தார். தோல் வெந்தது, உரிந்தது. ஆறினபோது கையெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்திருந்தது.

கல்யாணம் நிச்சயித்திருந்த நேரம். மாப்பிள்ளையை வளர்த்த லெட்சுமிப் பெரியம்மை சட்டைக்கு அளவு எடுக்க வந்தாள். கையைப் பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏட்டி, இது என்ன?"

"கரப்பான், பெரியம்மே."

"கரப்பான் கறுக்கும். இது வெளுத்துல்லா இருக்கு?"

பிடித்த கையை விட்டாள். ஊற்றி வைத்த காப்பியைத் தொடாமல் போனாள். அந்தக் காப்பி ஆறிக்கிடந்ததைப் பார்த்துத்தான் அம்மை அழுதாள். குஷ்டம் என்ற வார்த்தையை எங்கள் ஊரில் சொல்ல மாட்டார்கள். பெருவியாதி என்பார்கள். மறுநாள் அண்டி ஆபீசில், ரெண்டு வருஷமாக என் பக்கத்தில் உட்கார்ந்த ரோசிலி, சாம்பல் சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்தது. ஆஸ்பத்திரியில் காட்டி, இல்லை என்று டாக்டர் சொன்னால் பார்க்கலாம், இல்லாவிட்டால் பேச்சை விட்டுவிடலாம் என்று.

என் அண்ணன் கூட்டிக்கொண்டு போனான். எந்த ஆஸ்பத்திரி என்று எழுத மாட்டேன். அந்த டாக்டர் பிறகு நல்லவராகிவிட்டார். வெள்ளைக்காரர் இல்லை, நம்மவர்தான். படித்த புத்தகம்தான் வெள்ளைக்காரர் புத்தகம். வெளியே கூட்டம் நெருக்கியது. வானம் மூடிக்கிடந்தது, அறைக்குள் வெளிச்சம் இல்லை. மேசைமேல் ஒரு தடிப் புத்தகம், உள்ளே கலர் படம். படத்தைப் பார்ப்பார், என் கையைப் பார்ப்பார். "கரப்பான்னா சிவந்திருக்கணுமே. இதில் சிவப்பே இல்லை" என்றார். வெளுத்த இடத்தைப் பார்த்துவிட்டு ஒரு சீட்டு எழுதி அண்ணனிடம் கொடுத்தார். பெருவியாதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும் என்று அதில் இருந்தது. தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஒரு கறுத்த நர்ஸ் நின்றார். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் எனக்கு முன்னால், தெரியாத ஆள் மாதிரி, வேகமாகப் போய்விட்டான். நான் வளவைத் தாண்டும்போது பின்னால் அந்த நர்ஸ் தங்கபாயின் சத்தம் கேட்டது.

"ஏ பிள்ளே, நில்லு. அரிக்குமா?"

"எது?"

"எதுவா? அந்தக் கைதான். அரிக்குமா அரிக்காதா?"

"சொறிஞ்சு சொறிஞ்சு நகமெல்லாம் தேஞ்சு போச்சு, அக்கா."

"கொள்ளாம்!" என்று ஒரே சிரிப்பு. "பெருவியாதி இப்படிக் கெடந்து அரிக்காது, கேட்டியா? உனக்கு அரிக்குதுல்லா, ரொம்ப நல்லது."

எனக்கு அரிக்கிறதற்கு ஒருத்தர் சந்தோஷப்பட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பூவரசு நிழலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அதுதான் அவர் வேலை செய்கிற முறை. அறைக்குள் வைத்துத் தோலைப் பார்க்க மாட்டார். "இருட்டிலே எல்லாம் கறுப்பு, வெயிலிலே எல்லாம் மினுமினுப்பு. மர நெழல்தான் உள்ளதைக் காட்டும்" என்பார். தன் சட்டைக் கையைச் சுருட்டி முழங்கை மடிப்பைக் காட்டினார். அவரும் என்னைப் போலவே நல்ல கறுப்பு.

"இது என்ன நெறம்?"

"கறுப்பு."

"நல்லாப் பாரு, பிள்ளே. எனக்க கை கறுப்பு. இந்த மடிப்பு?"

உற்றுப் பார்த்தேன். "நாவப்பழம் மாதிரி இருக்கு."

"ஆங்! எனக்கும் உள்ளதாக்கும், உனக்கு மட்டும் இல்லே. டாக்டருக்க புத்தகத்திலே உள்ள கையெல்லாம் வெள்ளைக்காரன் கை. அதிலே கரப்பான் வந்தா செவக்கும். நம்ம தொலியிலே செவப்பு மேலே தெரியாது. நாவப்பழ நெறம் வரும், இல்லாட்டி ஈரச்சாம்பல் நெறம். கண்ணு ஏமாத்தும். விரலு ஏமாத்தாது."

பிறகு விரல்களின் பின்பக்கத்தால், குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி, என் கை முழுக்கத் தடவினார். நல்ல இடம் குளிர்ந்திருந்தது. கரப்பான் இருந்த இடம் சுட்டது. மடிப்பில் தோல் அயனிச்சக்கை மாதிரித் தடித்துச் சொரசொரத்தது. அதைச் சுற்றிலும் மயிர்க்கால் தோறும் கேழ்வரகு போலச் சின்னச் சின்னப் பொரி. என் விரலைப் பிடித்து என் கையையே தொட வைத்தார். பதினெட்டு வருஷமாக என் உடம்பில் இருந்ததை அன்றைக்குத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

"சரி, வெளுத்தது எப்படி?" என்று கேட்டார். அண்டியெண்ணெய் பூசினதைச் சொன்னேன். யார் பூசினது என்று கேட்டார். அதையும் சொன்னேன். "ம்" என்றார். அவ்வளவுதான்.

"வியாழக்கிழமை காலைல ஒம்பது மணிக்கு வா. தனியா வராதே. உன்னைப் பெருவியாதின்னு சொன்னவிய எல்லாரையும் கூட்டிட்டு வா. நான் இங்க வச்சு ஒருத்தியாட்டுச் சொன்னா ஊர் கேக்காது. அவியளே பாக்கட்டு."

வீட்டுக்கு வந்தால் அண்ணன் எல்லாம் தீர்மானித்துவிட்டான். அவனுக்கும் வடசேரியில் பெண் பேசி முடித்திருந்த நேரம். தங்கைக்குப் பெருவியாதி என்று தெரிந்தால் அந்தச் சம்பந்தம் நிற்காது. முற்றத்தில் நின்று, என்னைப் பார்க்காமல், அம்மையிடம் சொன்னான்: "வியாழக்கிழமை மதியத்துக்கு வண்டி சொல்லியிருக்கேன். ஊரிலே கேட்டா சித்தி வீட்டுக்குப் போயிருக்கான்னு சொல்லு." நான் சாப்பிடுகிற வட்டிலைத் தனியாக எடுத்து, ஆணியால் அதன் அடியில் ஒரு கோடு கிழித்து வைத்தான், தவறிப்போய் வேறு யாரும் அதில் சாப்பிட்டுவிடக்கூடாது என்று. நர்ஸ் சொன்னதை அம்மை சொன்னாள். "ஆம்பிளைன்னு நீ ஒருத்தன் கூட வா, மக்கா" என்று கெஞ்சினாள். "சீட்டு எழுதியாச்சு. இனி பாத்து என்ன ஆகப்போகுது? நான் வரலே" என்றான்.

அம்மை தானே நடந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போனாள். அதுவரை தனியாகச் சந்தைக்குக்கூடப் போகாதவள். வாசலில் நின்று, "வந்து பாத்துட்டு வேண்டாம்னு சொல்லுங்க. பாக்காம சொல்லாதிய" என்று சொல்லிவிட்டு வந்தாள். அண்டி ஆபீசில் இருந்து ரோசிலி தானாகவே வந்தாள், பார்த்துவிட்டு வந்து மற்றவர்களுக்குச் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா?

வியாழக்கிழமை ஒன்பது மணி. எல்லாரும் பூவரசைச் சுற்றி நிற்கிறோம். "சார், பத்து நிமிஷம், பத்தே நிமிஷம்" என்று தங்கபாய் அக்கா டாக்டரை ஏறக்குறைய இழுத்துக்கொண்டு வந்தார். அவருக்குக் கோபம். "என்ன தங்கபாய் இது, திருவிழாவா?" என்றார். தோலில் தொட்டால் தெரிகிறதா என்று பார்க்கத்தானே, அதற்குப் பஞ்சு போதுமே என்று பஞ்சுச் சுருளை நீட்டினார்.

லெட்சுமிப் பெரியம்மை உடனே, "ஆஸ்பத்திரிப் பஞ்சிலே என்னவாவது மருந்து கலந்திருக்கும்" என்றாள்.

தங்கபாய் அக்கா ஒரு நொடி அவளைப் பார்த்தார். பிறகு உடுப்பைச் சொருகினார். சமையல்கட்டுப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த சிவப்புக் கோழியை நோக்கி ஒரே சாட்டம். கோழி கிணற்றைச் சுற்றியது, அவரும் சுற்றினார். கோழி டாக்டரின் காலுக்கு நடுவே புகுந்து ஓடியது. சமையல்காரி அகப்பையோடு வெளியே வந்து, "எனக்க முட்டைக் கோழி! அடுத்த முட்டை இடாதுட்டி, பயந்து பேடிச்சுப் போச்சு!" என்று கத்தினாள். கடைசியில் வாழை மூட்டில் வைத்துப் பிடித்து, வாலிலிருந்து ஒரு இறகைப் பிடுங்கி, மூச்சு வாங்க வந்து நின்றார்.

"பெரியம்மே, இந்தக் கோழிக்கு மருந்து தெரியாதுல்லா?"

பெரியம்மை இறகை உற்றுப் பார்த்தாள்.

"பெருவியாதி உள்ள இடத்திலே தொட்டாத் தெரியாது. தெரிஞ்சுதுன்னா அது என்ன? நீங்களே சொல்லுங்க."

"தெரிஞ்சா... பெருவியாதி இல்லே."

"சத்தமாட்டுச் சொல்லுங்க. ரோசிலிக்குக் கேக்கலே."

சத்தமாகச் சொல்ல வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. பெரியம்மையின் மேல்முண்டையே வாங்கி என் கண்ணைக் கட்டினார். தொட்ட இடத்தை நான் விரலால் காட்ட வேண்டும். முதலில் நல்ல இடம். காட்டினேன். பிறகு மணிக்கட்டுப் பக்கத்து வெள்ளைத் திட்டு. காட்டினேன். தொடாமலே "இப்ப எங்க?" என்று கேட்டார். "தொடல்லியே" என்றேன். பிறகு மேலே, மேலே. முழங்கை மடிப்பில் இருந்த பெரிய வெள்ளைத் திட்டில் இறகு பட்டது பாருங்கள், எனக்குக் கூச்சம் உச்சந்தலைக்கு ஏறியது. சிரித்துவிட்டேன். அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவர் விடவில்லை. திரும்பவும் அங்கேயே தொட்டார். நான் பூவரசில் சாய்ந்து, சறுக்கி, தரையில் உட்கார்ந்து சிரித்தேன். நாலு நாளாக ஒரு வாய்க் கஞ்சி இறங்காத வயிறு, சிரித்துச் சிரித்து வலித்தது.

"இஞ்ச கொண்டா, நான் பாக்கேன்" என்று பெரியம்மை இறகை வாங்கினாள். ஏமாற்று இருக்கும் என்று நினைத்தாள். அவள் தொட்டபோது இன்னும் அதிகம் சிரித்தேன். கண்கட்டு அவிழ்ந்து விழுந்தது. பார்த்தால் ரோசிலி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறாள். அம்மை அழுதுகொண்டே சிரிக்கிறாள். என்னைக் கட்டிக்கொள்ள வந்தவர் முதுகைக் காட்டி நின்றார், தோள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

டாக்டர் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். முழங்கைக்குப் பின்னால் நரம்பைப் பிடித்து உருட்டிப் பார்த்தார். இறகை வாங்கி ஒவ்வொரு திட்டிலும் தானே தொட்டுப் பார்த்தார். அப்புறம் தங்கபாய் அக்காவிடம், "எங்கே சுடுகிறது என்று சொன்னாயே, காட்டு" என்றார். அவர் டாக்டரின் கையைப் பிடித்துத் திருப்பி, விரலின் பின்பக்கத்தை என் தோலில் வைத்தார். டாக்டர் நல்ல இடத்தையும் அதே மாதிரித் தொட்டுப் பார்த்தார். "ஆமாம்" என்றார் டாக்டர். எழுந்து, எல்லாரும் கேட்க, "நான் எழுதின சீட்டு தப்பு. இது கரப்பான்" என்றார். பெரிய படிப்புப் படித்தவர், நாங்கள் ஏழைப் பெண்கள் நிற்க, அப்படிச் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை அங்கேயே மன்னித்தேன்.

பெரியம்மை விடுகிற ஆளா? "அப்போ வெளுத்தது எப்படி?"

அம்மையின் முகம் செத்துவிட்டது. பெற்றவளே எண்ணெய் ஊற்றிக் கொளுத்தினாள் என்றல்லவா ஊர் பேசும்? தங்கபாய் அக்கா அம்மை இருந்த பக்கமே திரும்பவில்லை. "அண்டி ஆபீஸ் வேலைலா, பெரியம்மே? எண்ணெய் படத்தான் செய்யும். கரப்பான் உள்ள தொலி வெந்துட்டுன்னா, ஆறும்போ முதல்ல வெளுக்கும். பைய நெறம் ஏறும். மரச்சீனிக் கிழங்கு நட்டுப் பிடுங்குத காலம், எட்டு பத்து மாசம் ஆகும், அவ்வளவுதான்" என்றார். ஒரு பொய்யும் சொல்லவில்லை, ஒரு ஆளையும் காட்டிக்கொடுக்கவில்லை. அம்மை சாகும்வரை, தங்கபாய் பேரைச் சொல்லாமல் விளக்குக் கொளுத்தினது கிடையாது.

கடைசியில் பெரியம்மை மேல்முண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எல்லாம் சரி. ஆனா இப்படிக் கெடந்து சிரிக்குத பெண்ணைக் கொண்டுபோய் வீட்டிலே என்ன செய்ய?" என்றாள்.

அப்போதுதான் முதுகைக் காட்டி நின்றவர் திரும்பினார். அதுவரை அவர் குரலை நான் கேட்டதில்லை.

"சிரிக்கட்டு, பெரியம்மே."

அவ்வளவுதான் சொன்னார். நாற்பத்தாறு வருஷம் அவரோடு வாழ்ந்தேன். அதைவிட நல்ல வார்த்தை அவரும் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தோம். முற்றத்தில் என் பாயும் தலையணையும் ரெண்டு சேலையும் எரிந்து சாம்பலாகக் கிடந்தன. நாங்கள் அந்தப் பக்கம் போனதும் அண்ணன் கொளுத்தியிருக்கிறான். அவனை வீட்டில் காணோம். மதியம் சொன்னபடி வண்டி வந்து நின்றது. "யாரைக் கொண்டு போகணும்?" என்று வண்டிக்காரர் கேட்டார். அம்மை கொஞ்சமும் யோசிக்கவில்லை. பிடுங்கிப் போட்டிருந்த மரச்சீனியை ஏற்றி, அவளும் மேலே ஏறி உட்கார்ந்து சந்தைக்குப் போய்விட்டாள்.

பிறகு வைத்தியம். அதை வைத்தியம் என்று சொல்வதா, விளையாட்டு என்று சொல்வதா? தங்கபாய் அக்கா முதலில் செய்தது எங்கள் வீட்டு அடுக்களைக்குள் வந்து அம்மையைக் கேட்டதுதான்: "கத்திரிக்கா உங்களுக்கு என்ன செஞ்சு? எதுக்கு இவளைப் பட்டினி போடுதிய? தின்னு பாக்கட்டு. தின்னு அரிச்சா, அதை மட்டும் விட்டாப் போரும்." அன்றைக்கு மத்தியானம் கருவாட்டுக் குழம்பு. நான் மூன்று தடவை சோறு வாங்கினேன். ஒன்றும் அரிக்கவில்லை.

சுடுதண்ணீர் கூடாது, தேங்காய்ச் சகிரி நார் வைத்துத் தேய்க்கக் கூடாது, உடம்பில் ஈரம் காய்வதற்கு முன்னே தேங்காயெண்ணெய் பூசிவிட வேண்டும், வேலைக்கு உட்காரும் முன்னே கைக்கு எண்ணெய், அதற்கு மேல்தான் சாம்பல். நீர் கசிகிற நாளில் ஊதா மருந்துத் தண்ணீரில் கையை ஊற வைக்க வேண்டும். தடித்த இடத்துக்குத் தார்க் களிம்பு. புண்ணுக்கு வெள்ளைக் களிம்பு. எல்லாவற்றையும் அவர் வாயால் பாட்டு மாதிரிச் சொல்லுவார், நான் திருப்பிச் சொல்ல வேண்டும், தவறினால் தலையில் ஒரு குட்டு. அண்டி ஆபீசில் பேசி என்னை உடைக்கிற வரிசையிலிருந்து எடுத்து, பருப்பின் மேல்தோல் உரிக்கிற வேலைக்கு மாற்ற வைத்தவரும் அவர்தான். அங்கே அந்த எண்ணெய் கிடையாது. "முழுக்கப் போகுமா, அக்கா?" என்று கேட்டேன். "போகாது. அடங்கும். எனக்கும் போகலே, நான் என்ன செத்தா போனேன்?" என்றார். இல்லாத நம்பிக்கையை யாருக்கும் கொடுக்க மாட்டார்.

ஊதா மருந்து கையைக் காப்பிக்கொட்டை நிறத்துக்குச் சாயம் ஏற்றிவிடும். அந்தக் கையோடு அக்காவையும் இழுத்துக்கொண்டு மண்டைக்காட்டு அம்மன் கொடைத் திருவிழாவுக்குப் போனேன். "நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போறவ, கோயிலுக்குள்ளே வரமாட்டேன், வளையக் கடை வரைக்கும் வாறேன்" என்று வந்தார். வளையல்காரர் என் கையைப் பிடித்து எண்ணெய் தடவி அமுக்கிவிட்டு, "இது என்ன புது மருதாணி?" என்று கேட்டார். "ஆஸ்பத்திரி மருதாணி. வெளியே கிடைக்காது" என்றார் அக்கா முகத்தை மாற்றாமல். "எனக்க வீட்டுக்காரிக்கும் கொஞ்சம் கிடைக்குமா?" என்றார் அவர். கடற்கரை வரைக்கும் சிரித்துக்கொண்டே போனோம். அன்றைக்குப் போட்ட பச்சை வளையலில் ஒன்று உடையாமல் ரொம்ப நாள் இருந்தது.

கல்யாணம் நடந்தது. தார்க் களிம்பு பூசிக்கொண்டு படுப்பேன். அவர் மூக்கைச் சுருக்கி, "புது ரோடு போட்ட மாதிரி இருக்கு வீடு" என்பார். "பஸ் விடுங்களேன்" என்பேன். திட்டெல்லாம் ஒவ்வொன்றாக நிறம் ஏறி, கடைசியாக முழங்கை மடிப்பும் கறுத்த நாளன்று, லெட்சுமிப் பெரியம்மையே என் கையைத் தூக்கி அயல் வீட்டுக்காரிக்குக் காட்டினாள், ஏதோ அவளே கறுக்க வைத்த மாதிரி. அவளையும் மன்னித்தாயிற்று.

டாக்டர் ஒருநாள் தங்கபாய் அக்காவோடு அண்டி ஆபீசுக்கே வந்தார். மதியச் சாப்பாட்டு நேரம். எல்லாரையும் கை கழுவச் சொல்லி, கொல்லாமரத்து நிழலில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொரு கையாக விரலின் பின்பக்கத்தால் தடவிப் பார்த்தார். அந்தத் தடிப் புத்தகம் கக்கத்தில் இருந்தது. "இது என்ன நிறம், தங்கபாய்?" "நாவப்பழம், சார்." "இது?" "ஈரச்சாம்பல்." "இது?" "பழுத்த பனம்பழத்துக்க மேல்தொலி." அவர் படத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் தமிழிலேயே எழுதிக்கொண்டார். ரோசிலியின் கையில் ரெண்டு வருஷமாகக் கரப்பான் இருந்திருக்கிறது, கறை என்று நினைத்துக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறாள். "ஏட்டி, நீயும் நம்ம ஆளு தானா?" என்று நான் என் பக்கத்தில் இடம் போட்டேன். உட்கார்ந்தாள். மன்னித்தேன். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் தோல்நோய்க்காரர்கள் உட்காரும் பெஞ்சைப் பூவரசு மரத்தடிக்குத் தூக்கிப் போட்டார்கள். சமையல்காரி கோழியை அடைத்து வைத்தாள்.

போன மாசியில் அக்காவைக் கடைசியாகப் பார்த்தேன். கண் முழுக்க மங்கிவிட்டது. நான் போய் உட்கார்ந்ததும் பேச்சே இல்லாமல் என் கையை இழுத்து விரலின் பின்பக்கத்தால் தடவினார். "எண்ணெய் பூசாம வந்திருக்கே. கள்ளி" என்றார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான், அந்தத் தடவல். என் வீட்டில் பிறந்த ஒவ்வொரு குழந்தையையும் முதல் மாசத்திலேயே மர நிழலுக்குக் கொண்டுபோய் அப்படித்தான் தடவிப் பார்த்திருக்கிறேன். ரெண்டு பேருக்குக் கண்டுபிடித்தேன், சிவப்பு எங்கே என்று டாக்டர்கள் தேடத் தொடங்கும் முன்னே.

அன்றைக்கு அவர் ஒன்று கேட்டார். "பிள்ளே, உனக்க அண்ணனை இன்னும் மன்னிக்கலியா? அவன் செத்து எத்தனை வருஷம் ஆச்சு? பேடிச்சவன் செஞ்சது தானே, பொறுத்துப் போட்டுடு."

"அக்கா, எல்லாரும் தான் பேடிச்சாவ. பெரியம்மை பேடிச்சா. ரோசிலி பேடிச்சா. டாக்டர் சீட்டே எழுதினாவ. ஆனா கூப்பிட்டப்போ வந்து பாத்தாவ. கோழியிறகை வாங்கித் தொட்டுப் பாத்தாவ. அவன் பாக்க வரல்லே."

அவர் என் கையை இன்னொரு தரம் தடவினார். பிறகு, "சரி, உன்னாலே முடியாது. சவத்த விடு" என்று சிரித்தார். என் கை அவர் கைக்குள்ளேயே இருந்தது.

அவர் சொன்னதெல்லாம் கேட்டேன், எழுபது வயசு தாண்டியும், அந்த ஒரு நாளைத் தவிர, எண்ணெய் தவறவில்லை. இதை மட்டும் கேட்கவில்லை. அவன் பேர் செல்லப்பன். என் கூடப்பிறந்த அண்ணன்.